ஆற்றுக்குக் காவல் யார்?

கோல சிலாங்கூருக்குப் போகிறேன் என்று சொன்னால் நண்பர்கள் மூன்றே கேள்விதான் கேட்பார்கள். “நண்டு சாப்பிடவா? குரங்கு பார்க்கவா? மின்மினி பார்க்கவா?” இந்த முறை நான்காவதாக ஒரு காரணம் இருந்தது. என் அத்தை.

அத்தைக்கு வயது 76. ரவாங்கில் மகள் வீட்டில் இருக்கிறார். சென்ற மாதம் தொலைக்காட்சியில் கம்போங் குவாந்தான் மின்மினிகளைப் பற்றி ஏதோ நிகழ்ச்சி ஓடியிருக்கிறது. சுற்றுப்பயணிகள் வரிசையில் நின்று டிக்கெட் வாங்குவதைப் பார்த்துவிட்டு எனக்குப் போன் செய்தார்.

“ஏன்டா தம்பி, இதுக்கா காசு குடுத்துப் போறாங்க? எங்க ஆத்தோரத்துல சும்மா கெடந்துச்சே!”

அத்தை பிறந்து வளர்ந்தது புக்கிட் ரோத்தானுக்கும் சிலாங்கூர் ஆற்றுக்கும் இடைப்பட்ட ஒரு தோட்டத்தில். என் அப்பாவும் அங்கேதான் பிறந்தார். தோட்டத்தின் பெயர் வேண்டாம். அந்தப் பக்கத்துத் தோட்டங்களின் கதை எல்லாம் ஏறக்குறைய ஒன்றுதான். ரப்பர் போய் செம்பனை வந்தது, தோட்டம் கைமாறியது, லயம் காலியானது. எங்கள் குடும்பம் வெளியேறி நாற்பது வருடம் ஆகிறது. அதன் பிறகு அத்தை அந்தப் பக்கமே போனதில்லை.

“சரி, சனிக்கிழமை தயாரா இருங்க அத்தை” என்றேன்.

மதியம் ரவாங்கிலிருந்து கிளம்பினோம். பெஸ்தாரி ஜெயா வந்ததும் அத்தை சாலைப் பலகையைப் படித்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். அவருக்கு அது இன்னும் பத்தாங் பெர்ஜுந்தைதான். 2007இல் பெயர் மாறியது என்று சொன்னால், “யாரக் கேட்டு மாத்துனாங்க?” என்கிறார்.

இந்த ஊருக்குப் பக்கத்தில்தான் தென்னமரம் தோட்டம் இருக்கிறது. மலேசியாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் அதுதான். பெயரோ தமிழில் தென்னை! 1905இல் மலாயாவுக்கு வந்த ஹென்றி ஃபோக்கோனியே என்ற பிரெஞ்சுக்காரர், இதே ஆற்றின் கரையில் ரந்தாவ் பாஞ்சாங்கில் ரப்பர் போட்டார். மலாயும் தமிழும் கற்றுக்கொண்டார். சுமத்ராவிலிருந்து வந்த செம்பனை விதைகளை முதலில் அழகுக்காக நட்டவர், 1917இல் தென்னமரத்தில் வணிகப் பயிராக்கினார். பிற்காலத்தில் மலாயாவைக் களமாக வைத்து அவர் எழுதிய ‘மலேசீ’ நாவலுக்கு 1930இல் பிரான்சின் கோன்கூர் பரிசு கிடைத்தது.

இன்று நாட்டின் எந்தச் சாலையில் போனாலும் இரண்டு பக்கமும் செம்பனைதான். அது தொடங்கிய இடம் இந்த ஆற்றங்கரை. அதைத் தொடங்கிய கைகளில் நம்மவர் கைகளும் இருந்தன. இதை நான் பெருமையாகத்தான் சொல்லிக்கொண்டு வந்தேன். அத்தை பதில் எதுவும் சொல்லாமல் சன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே வந்தார்.

எங்கள் பழைய தோட்டத்து வாசலில் ஒரு தடுப்புக்கம்பமும் ஒரு காவல் குடிலும் இருந்தன. காவலுக்கு இருந்தவர் நேப்பாளத்து இளைஞர். கோயிலுக்குப் போகவேண்டும் என்று அத்தை மலாயில் சொன்னார். அவர் அத்தையின் நெற்றித் திருநீற்றைப் பார்த்தார், இரண்டு கையையும் கூப்பினார், கம்பத்தைத் தூக்கிவிட்டார்.

லயம் இருந்த இடத்தில் லயம் இல்லை. பிரட்டுக்களம் இல்லை, கிராணி வீடு இல்லை, ஆயாக் கொட்டகை இல்லை. வரிசை வரிசையாகச் செம்பனை. ஒரு முனீஸ்வரன் கோயில் மட்டும், தகரக் கூரையோடு, அரசமரத்தடியில் நிற்கிறது. யாரோ மாதத்துக்கு ஒருமுறை வந்து பெருக்கிவிட்டுப் போகிறார்கள் போல. அத்தை கோயிலை வைத்துக்கொண்டு திசை கணக்குப் போட்டார்.

“இது மேட்டு லயம். அங்க கீழ் லயம். கெணறு அந்தப் பக்கம். கோயிலுக்குப் பின்னாடி மூணாவது கான். அதுக்கப்புறம் பள்ளம். அதுக்கப்புறம் ஆறு.”

கான் என்றால் இளைய வாசகர்களுக்குப் புரியாமல் போகலாம். தோட்டத்து நீரை வடிக்க வெட்டும் வாய்க்கால். ஆற்றோரத் தோட்டங்கள் எல்லாம் சதுப்பு நிலம். கான் வெட்டித் தண்ணீரை வடித்தால்தான் மரம் பிடிக்கும். என் தாத்தா வெளிக்காட்டு வேலைக்காரர், கான் வெட்டும் கும்பலில் இருந்தவர். மூன்றாவது கான் அவரும் சேர்ந்து வெட்டியது என்று அத்தை சொன்னார்.

“ஆத்தோரம் முழுக்க நிப்பா, சாகு, பெரெம்பாங்னு ஒரே காடா இருக்கும். தொரை வந்து கோடு போட்டுக் காட்டுவாரு. அப்பா ஆளுங்க வெட்டிக்கிட்டே போவாங்க. ஆறு வரைக்கும் வெட்டுனது நாங்கதான்டா.”

காரில் நான் சொன்ன பெருமைக்கு அத்தையின் பதில் இதுதான் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

ஐந்து மணிக்கு கோல சிலாங்கூர் ஊருக்குள் வந்துவிட்டோம். புக்கிட் மலாவத்தியில் ஏறாமல் வந்தால் பயணம் நிறைவாகாது. 1784இல் டச்சுக்காரர்கள் இந்தக் குன்றைப் பிடித்தார்கள். மறுவருடமே சுல்தான் இப்ராஹிம் மீட்டுக்கொண்டார். உச்சியில் 1907இல் கட்டிய வெள்ளைக் கலங்கரை விளக்கம் இருக்கிறது, டச்சுக்காரர்கள் வைத்த ஆல்திங்ஸ்பர்க் என்ற பெயரோடு. சாம்பல் நிற லோத்தோங் குரங்குகள் சாதுவாக வந்து கையைப் பிடிக்கும். குட்டிகள் மட்டும் ஆரஞ்சு நிறம். அத்தை ஒரு குட்டியைப் பார்த்து, “காவி கட்டுன சாமியார் மாதிரி இருக்கு” என்றார்.

குன்றிலிருந்து கடல் பக்கம் பார்த்தால் கீழே பச்சைப் பாயாக விரிந்து கிடப்பது கோல சிலாங்கூர் இயற்கைப் பூங்கா. 1987இல் இயற்கைச் சங்கத்தினர் மாநில அரசோடு சேர்ந்து உருவாக்கியது. சதுப்புநிலக் காடு, உவர்நீர் ஏரி, கொக்கு, நாரை, சேற்றில் தாவும் மீன். பறவை பார்ப்பவர்கள் காலையிலேயே வந்துவிட வேண்டும். பிள்ளைகளை அழைத்துப் போக நல்ல இடம். கொசு உண்டு, முழுக்கைச் சட்டை அவசியம்.

அத்தை குன்றின் மேலிருந்தே கேட்டார்: “இந்தக் காட்ட யாரு பாத்துக்கிறா?”

சங்கத்துக்காரர்கள், அரசாங்கம் என்று சொன்னேன்.

“பக்கத்துல இருக்கறவங்க இல்லையா?”

அந்தக் கேள்வியோடுதான் இரவு கம்போங் குவாந்தானுக்குப் போனோம்.

இருட்டிய பிறகுதான் படகு. மோட்டார் கிடையாது. மரச் சாம்பானில் நாலு பேரை உட்கார வைத்து, கிராமத்து ஆள் ஒருவர் பின்னால் நின்று துடுப்புப் போடுகிறார். எங்கள் படகுக்கு வந்தவருக்கு ஐம்பது வயது இருக்கும். நான் அபாங் என்றேன், அவர் அத்தையை மாக்சிக் என்றார். அத்தையைக் கைப்பிடித்து ஏற்றி, நடுவில் உட்கார வைத்து, உயிர்காப்புச் சட்டையின் கொக்கியை அவரே மாட்டிவிட்டார்.

கரையை விட்டு விலகிக் கொஞ்ச தூரம் வரை ஒன்றும் இல்லை. துடுப்பு நீரைத் தொடும் சத்தம் மட்டும். பிறகு ஒரு மரம். தீபாவளிக்கு யாரோ சரவிளக்கு சுற்றியது போல, ஆனால் மின்சாரம் இல்லாமல், முழு மரமும் ஒரே நேரத்தில் எரிந்து அணைகிறது. ஒரு விநாடிக்குள் ஏறக்குறைய மூன்று தடவை. அடுத்த மரம், அதற்கடுத்த மரம். சில மரங்களில் நிறைய, சில மரங்களில் அங்கொன்றும் இங்கொன்றும்.

இந்த மின்மினிக்கு விஞ்ஞானிகள் வைத்த பெயர் டெரோப்டிக்ஸ் டெனர். அரிசிமணி அளவுதான் இருக்கும். ஆண் பூச்சிகள் ஒன்றோடொன்று தாளம் சேர்த்து ஒளிவிடும். பெண்ணை அழைக்கத்தான் இவ்வளவும். கூடும் இடம் ஆற்றோரத்துப் பெரெம்பாங் மரம். அந்த மரம் வளர வேண்டுமானால் நன்னீரும் கடல் ஏற்றத்தின் உப்பும் கலந்த நீர் வேண்டும். உப்பு கூடினாலும் ஆகாது, குறைந்தாலும் ஆகாது. பிரேசர் மலைப் பக்கத்திலிருந்து இறங்கி வரும் ஆறும், கோல சிலாங்கூரில் நுழையும் கடலும் சந்திக்கிற இந்தச் சில கிலோமீட்டரில் அந்தப் பதம் கிடைக்கிறது.

அபாங் துடுப்பை நிறுத்திவிட்டுப் பேசினார். அவருடைய அப்பா இந்த ஆற்றில் இறால் பிடித்தவர். அந்தக் காலத்தில் பெரெம்பாங் மரத்தை விறகுக்கு வெட்டுவார்கள், யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். மின்மினியைப் பார்க்க ஆட்கள் வரத் தொடங்கிய பிறகு கிராமத்தில் யாரும் வெட்டுவதில்லை. “இந்த மரம்தான் எங்கள் சம்பளம். எவனாவது கத்தியை எடுத்துக்கொண்டு வந்தால் ஊரே வந்து கேட்கும்” என்றார்.

2009இல் சிலாங்கூர் மாநில அரசு, மாநில நீர்வள வாரியமான லுவாஸின் சட்டத்தின் கீழ், மின்மினி வாழும் இந்த ஆற்றங்கரையைப் பாதுகாக்கப்பட்ட மண்டலமாக அரசிதழில் அறிவித்தது. சட்டத்துக்கு முன்பே இங்கே காவல் இருந்தது என்பதுதான் அபாங் சொன்னதிலிருந்து நான் புரிந்துகொண்டது. மரத்தால் பிழைப்பவர் மரத்தைக் காக்கிறார்.

ஆனால் அந்தக் காவலுக்கு ஓர் எல்லை இருக்கிறது. அதையும் அவரே சொன்னார்.

“மரத்தில் இருப்பது கல்யாணத்துக்கு வந்த கூட்டம். அதன் வீடு அங்கே இல்லை.”

மின்மினி மரத்தில் முட்டையிடாது. கரைக்குப் பின்னால், நிப்பா, சாகு மரங்களின் நிழலில், ஈரம் காயாத மண்ணில் இடும். புழு அங்கேயே நத்தைகளைத் தின்று வளரும். கூட்டுப்புழுவாக இருப்பதும் மண்ணில்தான். அதன் வாழ்வின் பெரும்பகுதி தரையில் கழிகிறது. மரத்துக்கு வருவது கடைசிக் காலத்தில்தான். ஆகவே ஆற்றோரத்தில் ஒரு வரிசை மரத்தை மட்டும் விட்டுவிட்டு, பின்னால் இருக்கும் பள்ளத்தை வடித்துச் செம்பனை நட்டால், கொஞ்ச காலத்துக்கு மரம் மினுக்கும். பிறகு விளக்கு ஒவ்வொன்றாகக் குறையும்.

பின்னால் இருக்கும் நிலம் படகுக்காரர்களுடையது அல்ல. மேலே இருந்து வரும் தண்ணீரும் அவர்களுடையது அல்ல.

இந்தத் தண்ணீர் வரும் வழியில், கோல குபு பாருவுக்கு மேலே, தெமுவான் மக்களின் கிராமங்கள் இருந்தன. பெர்த்தாக், கெராச்சி. நம் நாட்டின் பூர்வகுடி மக்கள் அவர்கள். காட்டில் பழம் எடுத்து, ஆற்றில் மீன் பிடித்து, தலைமுறை தலைமுறையாக அந்த ஓரத்தில் வாழ்ந்தவர்கள். 2000ஆம் ஆண்டுவாக்கில் சிலாங்கூர் ஆற்று அணை வந்தபோது இரண்டு கிராமங்களையும் இடம் மாற்றினார்கள். கிள்ளான் பள்ளத்தாக்குக்குக் குடிநீர் வேண்டும், அதில் தவறு காண முடியாது. இதை எழுதும் என் வீட்டுக் குழாயிலும் அந்த ஆற்று நீர் வரலாம். அணை கட்டும்போதே, நன்னீர் குறைந்தால் உப்பு மேலேறி மின்மினி மரங்களைப் பாதிக்குமே என்ற கவலையும் எழுந்தது. மலைமேல் ஒரு மக்கள் கூட்டம் இடம் பெயர்வதும், கீழே ஒரு பூச்சி இருக்குமா போகுமா என்பதும் ஒரே ஆற்றின் கதை. நாம்தான் அதை இரண்டு செய்தியாகப் படித்தோம்.

பூர்வகுடி மக்கள் காவல் காக்கும் இயற்கை வனம் என்று ஒன்று உலகத்தில் இல்லையா? இருக்கிறது. கனடாவின் மேற்குக் கரையில் ஹைடா குவாய் என்ற தீவுக்கூட்டம். அங்கே ஹைடா மக்களின் பழங்காட்டைக் கம்பெனிகள் வெட்டிக்கொண்டே வந்தன. 1985இல் லயல் தீவில் ஹைடா மக்கள் பாதையை மறித்து நின்றார்கள், முதியவர்கள் உட்பட. 72 பேர் கைதானார்கள். 1993இல் கனடா அரசும் ஹைடா மக்களும் ஓர் உடன்பாட்டுக்கு வந்தார்கள். குவாய் ஹானாஸ் என்ற அந்தப் பகுதியில் 138 தீவுகள். உடன்பாட்டில் ஒரு வேடிக்கை உண்டு. நிலம் எங்களுடையது என்று ஹைடா மக்கள் சொல்வதும், எங்களுடையது என்று கனடா சொல்வதும் பக்கத்தில் பக்கத்தில் எழுதப்பட்டிருக்கின்றன. யாருடையது என்பதைத் தீர்க்காமலே, சேர்ந்து காப்போம் என்று கையெழுத்துப் போட்டார்கள். நிர்வாக வாரியத்தில் இரண்டு தரப்புக்கும் சம இடம். கோடைக்காலத்தில் பழைய கிராமங்களில் ஹைடா காவலர்களே தங்கி, வருகிறவர்களுக்கு இடத்தைக் காட்டுகிறார்கள்.

அவ்வளவு தூரம் போக வேண்டாம். நம் சிலாங்கூரிலேயே, டெங்கிலுக்குப் பக்கத்தில் புக்கிட் தம்போய் கிராமத்துத் தெமுவான் மக்கள் நீதிமன்றம் போனார்கள். விமான நிலைய நெடுஞ்சாலைக்காக 1995இல் அவர்களுடைய நிலம் எடுக்கப்பட்டது. பயிருக்கும் வீட்டுக்கும் பணம் கொடுத்தார்கள், நிலத்துக்குக் கொடுக்கவில்லை. சாகோங் தாசி என்பவர் பெயரில் நடந்த அந்த வழக்கில், பரம்பரையாக வாழ்ந்த நிலத்தில் அவர்களுக்கு உரிமை உண்டு என்று 2002இல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2005இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. பிறகு 2021இல், கோல லங்காட் வடக்கு வனக் காப்பகத்தின் பெரும்பகுதியை மேம்பாட்டுக்கு விடும் முடிவு வெளிவந்தபோது, அங்கேயும் தெமுவான் மக்கள் எதிர்த்து நின்றார்கள். பொதுமக்களும் சேர்ந்துகொண்டார்கள். அதே வருடம் மாநில அரசு அந்த முடிவைக் கைவிட்டது.

பயிருக்குப் பணம், நிலத்துக்கு இல்லை. இந்த வரி நமக்குப் புதிதா? தோட்டம் கைமாறியபோது எங்கள் தாத்தாவுக்குக் கிடைத்தது கொஞ்சம் பணமும் ஒரு கடிதமும். மூன்று தலைமுறை வாழ்ந்த மண்ணில் ஒரு சாண் அவர் பெயரில் இல்லை. நாம் பூர்வகுடிகள் அல்ல, அந்த உரிமையை நாம் கோரவும் முடியாது. ஆனால் ஒரு முறை வேறு வழியில் முயன்றிருக்கிறோம். தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்ட காலத்தில், 1960இல், துன் வீ.தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பாட்டாளிகள் சம்பளத்தில் சிறுகச் சிறுகக் கட்டிய பணத்தில் தோட்டங்களே வாங்கப்பட்டன. எங்கள் தாத்தாவும் பங்கு வைத்திருந்தார். எங்கள் தோட்டம் மட்டும் வேறு கைக்குப் போனது.

நிலம் நமதாக இருந்திருந்தால் அந்தப் பள்ளத்தை விட்டுவைத்திருப்போமா? எனக்குத் தெரியாது, நாமும் செம்பனைதான் நட்டிருக்கலாம். ஆனால் வெட்டலாமா விடலாமா என்று யோசிக்கும் இடத்திலாவது இருந்திருப்போம். தாத்தாவுக்கு அந்த இடம் கிடைக்கவில்லை. கோடு போட்டவர் வேறு, வெட்டியவர் வேறு. அந்த மண்ணை அறிந்தவர்கள் எல்லாரும் இன்று ரவாங்கிலும் கிள்ளானிலும் அடுக்குமாடியில் இருக்கிறார்கள். இன்று அங்கே செம்பனைக் குலை வெட்டுபவர் கடல் கடந்து வந்தவர், ஒப்பந்தம் முடிந்தால் போய்விடுவார்.

படகில் இதையெல்லாம் நான் யோசித்துக்கொண்டிருக்க, அத்தை அபாங்கோடு பேச்சுக் கொடுத்துக்கொண்டிருந்தார். பழைய தோட்டத்து மலாய், தடுமாறித் தடுமாறித்தான் வந்தது.

“மரத்துல மட்டுமில்ல, தரையிலயும் மினுக்கும். நாங்க மண்ணு மினுக்கின்னு சொல்லுவோம். மழ பேஞ்சு ஓஞ்சதும் கானுக்குப் பக்கத்துல போனா, சேத்துல மங்கலா எரியும். தொட்டா அணஞ்சுடும்.”

அபாங் துடுப்புப் போடுவதை நிறுத்திவிட்டார்.

“மாக்சிக், அது குஞ்சு. புழு. அதுவும் ஒளிவிடும். எங்கே பார்த்தீர்கள்?”

அத்தை சொன்னார். தோட்டத்தின் பெயர், கோயில், பின்னால் மூன்றாவது கான், அதற்கப்பால் பள்ளம்.

“இன்னும் இருக்குமா?”

“நாப்பது வருஷமாச்சுப்பா. எனக்கு எப்படித் தெரியும்?”

ஆற்றிலிருந்து பார்க்கிறவர்களுக்குக் கரையின் பின்புறம் தெரியாது என்றார் அவர். தோட்டத்துக்குள் போக அனுமதி கேட்க வேண்டும், யாரிடம் கேட்பது என்றும் தெரியாது. அந்தப் பக்கத்தில் குடியிருந்தவர்கள் யாராவது வந்து சொல்வார்கள் என்று அவர் எதிர்பார்த்ததே இல்லையாம். கரையேறியதும் என் கைப்பேசி எண்ணை வாங்கிக்கொண்டார்.

போக நினைக்கும் வாசகர்களுக்குச் சில குறிப்புகள். நிலவு இல்லாத இரவு நல்லது. மழை பெய்தால் படகு இல்லை. வார நாளில் கூட்டம் குறைவு. கைப்பேசி வெளிச்சம், கேமரா பிளாஷ் இரண்டும் வேண்டாம். கொசு மருந்தைப் படகில் ஏறி அடிக்காதீர்கள், மின்மினியும் பூச்சிதான். பிள்ளைகளுக்குப் பிடித்துப் பார்க்க ஆசையாக இருக்கும். வேண்டாம் என்று முன்னாடியே சொல்லி அழைத்துப் போங்கள். முடிந்தால் படகுக்காரரோடு பேசுங்கள். டிக்கெட்டில் இல்லாத செய்தியெல்லாம் அவரிடம் இருக்கிறது.

திரும்பும்போது மணி ஒன்பதரை இருக்கும். தோட்டத்து வாசலைக் கடக்கும் நேரத்தில் அத்தை என் தோளைத் தட்டினார்.

“நிறுத்துடா. சாமிக்கு வெளக்கு வைக்காம வந்துட்டேன்.”

நேப்பாளத்து இளைஞர் வினோதமாகப் பார்த்தார். ஆனாலும் கம்பத்தைத் தூக்கினார். கையில் ஒரு டார்ச்சோடு அவரும் கூடவே வந்தார். கோயிலில் ஒரு அகல் விளக்கை ஏற்றி வைத்துவிட்டு அத்தை பின்பக்கம் நடந்தார். இருட்டில், செம்பனை ஓலையை மிதித்துக்கொண்டு, 76 வயதில். நான் ஒரு பக்கமும் அந்த இளைஞர் ஒரு பக்கமும் பிடித்துக்கொண்டோம். முதல் கான் தூர்ந்து போயிருந்தது. இரண்டாவதில் கொஞ்சம் தண்ணீர். மூன்றாவதன் ஓரத்தில், எந்திரம் இறங்க முடியாத மூலையில், நாலைந்து நிப்பா மட்டைகள் தெரிந்தன.

“வெளிச்சத்த அமத்து” என்றார் அத்தை.

டார்ச் அணைந்தது. கொசு காதில் பாடியது. வெகுநேரம் எதுவும் தெரியவில்லை. கண் பழகியதும், சேற்றோரத்தில் பச்சையும் மஞ்சளுமாக மங்கலாய் ஒரு புள்ளி. அணையவில்லை, மினுக்கவுமில்லை, சும்மா எரிந்தது. கொஞ்சம் தள்ளி இன்னொன்று.

ஆற்று மரத்தில் பார்த்த அதே இனம்தானா, வேறு ஏதாவது மின்மினியின் புழுவா, என்னால் சொல்ல முடியாது. அத்தை எண்ணினார்.

“மூணு.”

அந்த இளைஞரும் எட்டிப் பார்த்தார். தன் ஊரிலும் இப்படி உண்டு என்று மலாயில் சொன்னார். இத்தனை மாதம் இங்கே காவல் இருந்தும் இந்தப் பக்கம் வந்ததில்லையாம்.

மறுநாள் காலை அபாங்குக்குப் போன் செய்து சொன்னேன். தோட்ட நிர்வாகத்துக்கு எழுதிக் கேட்க வேண்டும், கடிதத்தில் போடுவதற்கு இடத்தைச் சரியாகக் காட்ட ஆள் வேண்டும் என்றார். அடுத்த சனிக்கிழமை அத்தையைக் கூட்டிக்கொண்டு வரமுடியுமா என்று கேட்டார்.

அத்தையிடம் கேட்டேன். தொப்பி ஒன்று வாங்கி வை என்கிறார்.